பச்சை குத்திய கை, புயல் கூண்டு, கொரோனா முத்திரை: யாருக்குச் சொல்கிறோம்?

டிசம்பர் 5, 2024. விழுப்புரம் வாசகர் கேட்டது:

"ஃபெஞ்சல் புயல் போய், சாத்தனூர் அணைத் தண்ணீரும் வந்து வடிந்துவிட்டது. எனக்கு ஒரு யோசனை. நம் ஆயாக்கள் கையில் இருந்த பச்சையைப் பாருங்கள். ஒரு தேள், ஒரு கோலம், நாலு புள்ளி. எழுத்து தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. அரசாங்கமோ ஆபத்து வந்தால் பக்கம் பக்கமாக அறிக்கை விடுகிறது. பாதிப் பேருக்குப் புரிவதில்லை. பச்சை மாதிரி எளிய குறிகளை வைத்தால் என்ன? குறி உடம்பில் இருந்தால் என்ன, டிவியில் இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே?"

டிசம்பர் 5, இரவு

அரசாங்கத்திடம் குறிக்கா பஞ்சம்? புயல் எச்சரிக்கைக் கூண்டு இருக்கிறது, மஞ்சள் ஆரஞ்சு சிவப்பு இருக்கிறது, கொரோனாவில் கையில் முத்திரையே குத்தினார்கள். நாலு புள்ளியை விட எளிமையானவைதான் எல்லாம். ஆனாலும் புரியவில்லை. ஏன் என்பதைப் பற்றிப் பேசலாம்.

கடலூர் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். கூண்டு ஏற்றும் செய்தி கேட்காமல் ஒரு ஐப்பசி கார்த்திகை போனதில்லை. நாளை எழுதுகிறேன். இங்கே இப்போதுதான் கரண்ட் வந்தது, போனில் சார்ஜ் ஏற வேண்டும்.

டிசம்பர் 6

கூண்டு விஷயம். "3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று செய்தி வாசிப்பவர் சொன்னதும் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "மூணுதானா, அப்போ பரவாயில்ல." ஏழு என்றால் கொஞ்சம் பயம். பத்து என்றால் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு. பள்ளிக்கூட மார்க் மாதிரி பத்துக்கு எத்தனை என்று நாம் படிக்கிறோம்.

அது மார்க் இல்லை. 1 என்றால் தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை. 2 என்றால் தொலைவில் புயலே இருக்கிறது, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்கள் பார்த்துப் போகவும். 3 வந்தால் துறைமுகத்திலேயே திடீர்க் காற்று. 4 வந்தால் புயல் பின்னால் இந்தத் துறைமுகத்தைத் தாக்கலாம். இதுவரை ஏணி மாதிரி ஏறுகிறது. அடுத்துதான் வேடிக்கை. 5, 6, 7 மூன்றுமே ஒரே அளவு அபாயம். புயலின் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலோ பக்கத்திலோ கடந்தால் 7. அதே கணக்குதான் 8, 9, 10, கடும் புயலுக்கு. ஆக 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் திசை. அதைத் தெரிந்துகொண்டு வீட்டில் இருக்கும் நம் அம்மா என்ன செய்வாள்? கப்பல் கேப்டனுக்கு அது உயிர். எந்தப் பக்கம் ஓட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

1864-ல் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் அடுத்தடுத்துப் புயல் அடித்துப் போட்டது. மறு வருடமே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கை முறை வந்தது 1898-ல். பகலில் உருளையும் கூம்பும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். கடலிலிருந்து பார்ப்பவனுக்காகச் செய்தது. நூற்றிச் சொச்சம் வருடம் கழித்து அதையே டிவி எடுத்து, நிலத்தில் சோறு வடிப்பவர்களுக்குப் படித்துக் காட்டுகிறது.

எங்கள் தெருவில் அதற்கு ஒரே உபயோகம்தான். கூண்டு ஏறினால் மீன் விலை ஏறும்.

டிசம்பர் 6, மறுபடியும்

ஒருவர் 11 என்று ஒன்று உண்டாமே என்று கேட்டிருக்கிறார். உண்டு. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். தகவல் இல்லை என்பதையே ஒரு தகவலாக ஏற்றிவைக்கிறார்கள். மொத்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது இதுதான். வேறு எந்த அரசு அறிவிப்பும் "எங்களுக்கு இப்போது ஒன்றும் தெரியாது, நீங்களே பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்று இத்தனை நேர்மையாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 7

விழுப்புரத்தார் விடவில்லை. "கூண்டை விடுங்க, பச்சை எல்லோருக்கும் புரிந்ததா இல்லையா?" என்கிறார்.

எங்கள் ஆயாவுக்கு இடது முழங்கைக்குக் கீழே ஒரு புள்ளிக் கோலம். வைரக்கட்டு மாதிரி, புள்ளிகளைச் சுற்றிக் கோடு. அதற்குக் கீழே வால் தூக்கிய தேள். மோவாயில் ஒற்றைப் பொட்டு. குத்தும்போது கறுப்பாக இருந்ததாம். நான் பார்த்த காலத்தில் பச்சையும் நீலமுமாகக் கசிந்து, தேளின் கால்கள் தோல் சுருக்கத்தோடு கலந்து, எது கால் எது சுருக்கம் என்று தெரியாத நிலை.

அந்தத் தேளுக்கு என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளையாக நான் கேட்டபோது, "நகை நட்டு எதுவும் கூட வராதுடா, செத்தா இதுதான் வரும், எமன் கேட்டா காட்டணும்" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது கை குடைச்சலுக்குக் குத்தியது என்றாள். மூட்டு வலிக்குப் பச்சை குத்துவது அந்தக் காலத்தில் வழக்கம்தான், அதனால் அது பொய்யும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவியோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது சொன்னது வேறு: "அந்த வருசம் நெல்லு நல்லா வெளஞ்சுது, குறத்திக்குக் குடுக்க நெல்லு இருந்துது, குத்திக்கிட்டோம்."

ஒரே தேள்தான். கேட்ட ஆளைப் பொறுத்துப் பதில் மாறியது. விழுப்புரத்தாரே, "எல்லோருக்கும் புரிந்தது" என்கிறீர்கள். கையில் இருந்த கோடு யாருக்கும் தானாகப் புரியவில்லை. பக்கத்தில் ஆயா இருந்தாள், கேட்டால் சொன்னாள்.

டிசம்பர் 8

பச்சை அரசாங்கத்திடமே பேசிய கதை ஒன்று இருக்கிறது. ஆயாவின் வலது கையில் தாத்தா பெயர். புருசன் பெயரை வாயால் சொல்லக் கூடாத தலைமுறை. ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றதும் ஆயா பேசாமல் கையை நீட்டினாள். அவரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். தாத்தா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. குத்திய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ சாக்பீஸில் தரையில் எழுதிக் காட்டியதைப் பார்த்து அப்படியே குத்தியிருக்கிறாள். கார்டிலும் புள்ளி இல்லாமல்தான் பெயர் வந்தது. பின்னால் அதைத் திருத்த என் அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

டிசம்பர் 9

"பச்சைக்கு என்ன மை?" என்று கேட்ட தங்கைக்கு.

எட்கர் தர்ஸ்டன் என்று ஒருவர், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதி போட்டவர். மூக்கை அளப்பதும் மண்டையை அளப்பதுமாகத் திரிந்த ஆள், அந்த அளவையெல்லாம் இன்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் மை செய்யும் முறையைக் கவனமாக எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் தூளும் அகத்திக் கீரையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் அகலில் வைத்து ஏற்றுவார்கள். மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்தால் உள்பக்கம் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை.

ஆயா சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டியிருப்பார்களாம். முதலில் குச்சியால் மையைத் தொட்டுக் கையில் படம் போட்டுக் காட்டுவார்கள். சரி என்று பெண் தலையாட்டின பிறகுதான் ஊசி. வலி தெரியாமல் இருக்கப் பாட்டு. குத்தி முடிந்ததும் மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைப்பது. இரண்டு நாள் வீங்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும்.

நான் இதில் கவனிப்பது அந்தத் தலையாட்டலை. பத்து வயசுப் பெண்ணிடம் உண்மையிலேயே சம்மதம் கேட்டார்களா என்று சண்டைக்கு வராதீர்கள். பாதிப் பெண்களைப் பாட்டிமார் பிடித்து உட்காரவைத்துத்தான் குத்தினார்கள், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் படம் போட்டுக் காட்டுகிற ஒரு நிமிஷம் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு, பேச்சும் பாட்டுமாக நடந்த காரியம்.

டிசம்பர் 11

கொரோனா முத்திரைக்கு வருகிறேன். இதற்காகத்தான் சுற்றி வளைத்தேன்.

2020 மார்ச் நடுவில் மகாராஷ்டிர அரசு, வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியவர்களின் இடது கையில் முத்திரை குத்தச் சொன்னது. வாசகம் என்ன தெரியுமா? 'மும்பைவாசிகளைக் காப்பதில் பெருமை' என்று மேலே. வீட்டுத் தனிமை, இன்ன தேதி வரை என்று கீழே. கர்நாடகத்திலும் முத்திரை குத்தினார்கள். தேர்தலில் விரலில் வைக்கும் அழியாத மையை இதற்குப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையமும் அனுமதி தந்தது. குறி என்ன, உடம்பில் எந்த இடம் என்பதை ஒழுங்குபடுத்துங்கள், தேர்தல் நடத்த இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று கூடவே ஒரு நிபந்தனை. நாட்டில் என்ன நடந்தாலும் அவரவர் கவலை அவரவருக்கு.

அந்த வாசகத்தை இன்னொரு தடவை படியுங்கள். பெருமை யாருக்கு? கையை நீட்டியவருக்காம். அவர் வாயால் சொல்லாததை அவர் தோல் சொல்கிறது. முத்திரை வந்த சில நாட்களிலேயே, மும்பையிலிருந்து ரயிலில் போன 4 பேரின் கையில் அதைப் பார்த்துவிட்டு மற்ற பயணிகள் சத்தம் போட, பால்கரில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். அவர்கள் பயணம் போயிருக்கக் கூடாது, அது சரிதான். ஆனால் அந்தப் பெட்டியில் ஒருவர் கூட 'பெருமை' என்று படித்திருக்க மாட்டார்.

எனக்கும் குத்தினார்கள். ஒரு விமான நிலையத்தில், எந்த ஊர் என்பது வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் முகத்தை மூடிக் கண்ணாடித் தடுப்பு மாட்டியிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, புறங்கையைத்தான் பார்த்தான். முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி அழுத்தினான், "நெக்ஸ்ட்" என்றான். மை ஈரமாக இருந்ததால் சட்டைக் கையில் பட்டுத் தேதி கலங்கிவிட்டது. அதனால் எந்தத் தேதிவரை நான் ஆபத்தானவன் என்பது எனக்கும் தெரியவில்லை, பார்ப்பவர்களுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் கதவில் ஸ்டிக்கர். பால்காரர் மூன்று வீடு தள்ளி நின்று பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். ஸ்டிக்கரைக் கிழித்த பிறகும் அதே மூன்று வீடு தூரம்தான்.

அந்த முத்திரையில் எனக்கென்று ஒரு சேதியும் இல்லை. காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, வீட்டில் ஒரே கக்கூஸ் இருந்தால் என்ன செய்வது, ஒன்றும் கிடையாது. மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்ல என் கையையே எடுத்துக்கொண்டார்கள். ஸ்டிக்கர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போஸ்டர் ஒட்டினால் அந்த வீட்டுக்காரர்களைத் தீண்டத்தகாதவர்கள் போல நடத்துகிறார்கள் என்று நீதிபதிகளே கவலைப்பட்டார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் தீர்ப்பு. அதற்குள் ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

டிசம்பர் 11, சாப்பாட்டுக்குப் பிறகு

"அப்புறம் எம்.ஜி.ஆர். சொல்லிக் கட்சிக்காரர்கள் பச்சை குத்திக்கொண்டார்களே, அது எந்தக் கணக்கு?" என்று ஒருவர். நல்ல கேள்வி, என் வாதத்துக்கு இடைஞ்சலான கேள்வி. எழுபதுகளில் கட்சி அடையாளத்தைக் கையில் குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. ஆனால் ஆசையோடு குத்திக்கொண்டவர்களும் ஏராளம். எங்கள் தெரு டீக்கடைக்காரர் கையில் இரட்டை இலை கடைசிவரை இருந்தது. கட்சி பிளந்தபோதும் இருந்தது, அவர் வேறு கட்சிக்கு ஓட்டுப் போட ஆரம்பித்த பிறகும் இருந்தது. "தலைவருக்குக் குத்துனது, கட்சிக்கு இல்ல" என்பார். மேலிருந்து வந்த உத்தரவைத் தன்னுடைய பேச்சாக மாற்றிக்கொண்டார். கொரோனா முத்திரையை அப்படி மாற்றிக்கொண்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. ஒரு வேளை அது பதினைந்து நாளில் அழிந்துபோனதால் இருக்கலாம்.

டிசம்பர் 14

11-ம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, "நோய்க்காலத்தில் அவசரத்துக்குச் செய்ததை இப்படிக் குதறுவது நியாயமா?" என்று ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். கேள்வி நியாயம்தான். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாத நேரத்தில் வேறு வழி என்ன என்று அவர் கேட்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் உடம்பில் குறி போடுவது அவசரத்தில் பிறந்த யோசனை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வட இந்தியப் பெண்கள் அழகுக்கும் சடங்குக்கும் குத்திக்கொள்வது கோத்னா. கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கலையை அப்படியே எடுத்து, 1797-லிருந்து வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குத்த வைத்தது. பெயர், குற்றம், தண்டனைத் தேதி எல்லாம் உள்ளூர் எழுத்தில். சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. நெற்றி என்பதைக் கவனியுங்கள். ஆயா தன் தேளை நினைத்த நேரம் பார்ப்பாள். தன் நெற்றியை எவனும் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது. எதிரே வருகிறவன் படிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த இடம் அது. கைதிகளும் சும்மா இருக்கவில்லை, தலைப்பாகையை இறக்கிக் கட்டினார்கள், முடியை வளர்த்து முன்னால் விட்டார்கள். 1849-ல் ஒழித்தார்கள்.

பிறகு 1896-ல் பம்பாயில் பிளேக். மறு வருடம் தொற்றுநோய்ச் சட்டம். வீட்டுச் சுவர்களில் வட்டமும் எழுத்தும் பெயிண்டால் போட்டார்கள். 2020-ல் மாநில அரசுகள் கையில் எடுத்ததும் அதே 1897-ம் வருடச் சட்டம்தான். மருத்துவர் ஐயா, பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அரசாங்கத்துக்கும் உண்டு.

டிசம்பர் 15

"உடம்பில் குத்துவதை விடுங்கள், புயல் சிவப்பு எச்சரிக்கை எல்லோருக்கும்தானே?" என்கிறார் விழுப்புரத்தார்.

2018 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? 7-ம் தேதிக்குத் தமிழ்நாட்டுக்கு ரெட் அலர்ட் என்றார்கள். பால் பாக்கெட் தீர்ந்தது, பெட்ரோல் பங்கில் வரிசை, ஏடிஎம்மில் வரிசை. அதற்கு முந்தின நாளே அலர்ட்டை விலக்கினார்கள். சொன்ன அளவு மழையும் வரவில்லை. அந்த நிறங்கள் முதலில் நிர்வாகத்துக்கானவை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. கலெக்டர் படகை எடுப்பார், பள்ளிக்கூடத்தைத் திறந்துவைப்பார். நமக்குச் சிவப்பு என்றால் உலகம் அழியப்போகிறது. அடுத்த வருடம் சிவப்பு என்றதும் "போன தடவை மாதிரிதான்" என்று தூங்கப் போகிறோம்.

இந்த ஃபெஞ்சலில் கூட புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கடக்கும் என்றார்கள். நவம்பர் 29-ல் புயல் ஆனது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. வானிலையாளர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது அப்படிப்பட்ட புயல். ஆனால் மண்டலமா புயலா என்கிற விவாதத்தையே நாள் முழுக்க டிவியில் ஓட்டியதில் மழை என்கிற விஷயம் அமுங்கிப்போனது. புயல் இல்லையாம் என்று கேட்டவன் மழையும் இல்லை என்று எடுத்துக்கொண்டான்.

ஒக்கி புயல் இன்னும் மோசம். 2017 நவம்பர் 30. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையிலேயே இல்லை. "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வாசகம் ஏற்கெனவே சென்றவனுக்கு என்ன சொல்லும்? அதற்குப் பிறகு 2019-ல் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கே தகவல் அனுப்பும் ஜெமினி கருவி வந்தது. நல்ல காரியம். அதிலும் ஒரு குறை, ஒருவழிப் பேச்சு. கரை சொல்லும், படகு பதில் சொல்ல முடியாது.

இதற்கு மாறாக ஒன்று. 2004 சுனாமியில் புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு. அந்த ஊர் ஆள் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்துக்கொடுத்த தகவல் மையம் இருந்தது. தினமும் அலை உயரம், மீன் நிலவரம் எல்லாம் அதன் ஒலிபெருக்கியில்தான் சொல்வார்கள். ஓடிப்போய் மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊர் மேட்டுக்கு ஓடியது. வண்ணமும் கிடையாது, எண்ணும் கிடையாது. தினம் கேட்ட குரல், நம் ஊர்ப் பையன் சொன்ன சேதி.

டிசம்பர் 17

15-ம் தேதி எழுதியதை இரண்டு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்த ஆள் சொன்னால் ஊர் கேட்கும் என்று எழுதும்போது நல்லவாட்டை நினைத்துத்தான் எழுதினேன். கை தானாகத் தண்டோராவுக்குப் போனது. எங்கள் ஊரில் ஏரி உடையப்போகிறது, கால்வாயில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று எல்லாமே தண்டோராவில்தான் வந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்து கேட்டார்கள். அதைவிட நல்ல எச்சரிக்கை முறை கிடையாது என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

பறை அடித்தவர் யார்? பெயர் ஊருக்கே தெரியும், ஆனால் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மழையில் நனைந்துகொண்டு தெருத்தெருவாகப் போனார். எல்லா வாசலிலும் தள்ளித்தான் நின்றார். சேதி வீட்டுக்குள் போனது, அவர் போக முடியவில்லை. 2022-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கச் சொல்லி ஆட்சியர்களுக்கு எழுதினார். ரொம்பத் தாமதமாக வந்த நல்ல உத்தரவு.

குறத்திக்கும் அதே கதைதான். ஊர்ப் பெண்களின் கையில் எல்லாம் அவள் கைவேலை. அவளுக்குத் திண்ணை கூடக் கிடையாது, புளியமரத்தடிதான். ஆயாவிடம் அந்த அம்மா பெயர் என்ன என்று கேட்டிருக்கிறேன். "குறத்திதான், பேரு என்ன பேரு" என்றாள்.

ஆக பழைய முறை எல்லாம் தங்கம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த முறையில் சேதி தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. சுமந்தவர்களை ஊர் அப்படி நடத்தியது.

டிசம்பர் 18

ஒரு வரி. பத்திரிகையில் வரும் 'அடையாளம் தெரியாத சடலம்' செய்திகளைப் படித்திருக்கிறீர்களா? வலது கையில் இன்ன பெயர் பச்சை குத்தப்பட்டுள்ளது என்று தவறாமல் இருக்கும். ஆயாவின் எமன் கதைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வடிவம்.

டிசம்பர் 20

விழுப்புரத்தார் கடைசியாகக் கேட்டது: "இவ்வளவு பேசினீர்களே, சாத்தனூர் தண்ணீருக்கு நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். முன்கூட்டியே 5 முறை எச்சரித்தோம் என்கிறது அரசுத் தரப்பு. எங்களுக்கு வரவில்லை என்கிறார்கள் தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. என் போனிலும் ஒன்று வந்தது. அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி, கரையோரம் தாழ்வான பகுதியில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். கன அடி பொறியாளர் இன்னொரு பொறியாளருக்குச் சொல்வது. தாழ்வான பகுதி என்று தன் தெருவை எவனாவது நினைப்பானா? எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பளவு நின்றபோதும் ஒருவர், "நம்மளுது மேடு, அந்தப் பக்கம்தான் தாழ்வு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஊர், நேரம் எல்லாம் கற்பனை, அளவுக்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்:

"ஆத்துப் பாலத்துத் தூணில் வெள்ளைக் கோடு தெரியுமில்லையா, இன்று ராத்திரி 12 மணிக்குத் தண்ணீர் அதற்கு மேலே போகும். பள்ளிக்கூடத் தெரு, காலனி, மாதா கோயில் பின்பக்கம் இருப்பவர்கள் 10 மணிக்குள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிடுங்கள். மாட்டை அவிழ்த்து விடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சாப்பாடு இருக்கிறது, கக்கூஸ் திறந்திருக்கிறது. நடக்க முடியாதவர்கள் இருந்தால் வி.ஏ.ஓ.வுக்குப் போன் போடுங்கள், ட்ராக்டர் வரும்."

இதை எழுதத் தேவையான எல்லாம் வி.ஏ.ஓ.வுக்கும் தலையாரிக்கும் தெரியும். எந்தத் தெருவில் எந்தக் கிழவி படுக்கையில் இருக்கிறாள் என்பது வரை தெரியும். கன அடிக் கணக்கு மேலேயிருந்து அவர்களுக்கு வரட்டும். அதைத் தெருக்கணக்காக மாற்றிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமும் ஒரு மைக்கும் கொடுங்கள். அவர்கள் சொல்லி, தண்ணீர் வராமல் போனால், அதற்காக மெமோ கொடுக்காமலும் இருங்கள். பாதிப் பேர் வாய் திறக்காததற்கு அந்த மெமோதான் காரணம் என்று வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா சொல்கிறார்.

டிசம்பர் 21

"இவ்வளவு நீளமா? எஸ்.எம்.எஸ்.ஸில் அடங்காதே" என்று அதற்குள் மூன்று பேர். அடங்க வேண்டாம், அது மைக்குக்கு எழுதியது. சத்தமாக வாசித்துப் பார்த்தேன், அரை நிமிஷத்துக்குள் முடிகிறது. 2023 அக்டோபரில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறிச் சோதனை செய்தார்களே, அந்த அலறலோடு "பாலத்துக் கோடு தாண்டும், பள்ளிக்கு வாங்க" என்கிற இரண்டு வரி வந்தால் எஸ்.எம்.எஸ். கட்சிக்காரர்களுக்கும் போதும்.

மாட்டை ஏன் அவிழ்த்துவிட வேண்டும் என்று கேட்ட சென்னைத் தம்பிக்கு: கட்டுத்தறியில் கட்டிப்போட்டால் அங்கேயே மூழ்கும். அவிழ்த்துவிட்டால் அது தானாக மேட்டுக்குப் போய்விடும்.